பர்மிங்காம் மாநகராட்சி 'திவால்' ஆனது எப்படி?

ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி. 2023 செப்டம்பர் 5-ல், அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறு புதிய செலவுகளுக்குக் காசில்லை என்று கைவிரித்துவிட்டது.

என்னதான் நடந்தது?

சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு, அதே நிலையில் இருந்த ஆண்கள் வாங்கிய போனஸ் கிடைக்கவில்லை. காலக்கெடு தாண்டியவர்களும் வழக்குப் போடலாம் என 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் சுமார் 110 கோடி பவுண்டு கொடுத்தும் பாக்கி தீரவில்லை. இன்னும் 65 முதல் 76 கோடி பவுண்டு வரை தர வேண்டியிருக்கும் என 2023-ல் மாநகராட்சியே கணக்குப் போட்டது. போதாக்குறைக்கு, ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறிய செலவும் எகிறியது.

கடன் வாங்கிச் சமாளிக்க முடியாதா?

முடியாது. அங்கே அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க மாநகராட்சிகளுக்குச் சட்டம் இடம் தராது. வருஷா வருஷம் வரவும் செலவும் சரிக்கட்டியாக வேண்டும். அதனால்தான் அடுத்த சில ஆண்டுகளுக்கும் சேர்த்து நடுத்தர கால நிதித் திட்டம் போடுகிறார்கள். ஆனால், வரப்போகும் பாக்கியைக் குறைத்து எழுதினால் அந்தத் திட்டம் வெறும் காகிதம்தான்.

அடி யாருக்கு?

மக்களுக்குத்தான். கவுன்சில் வரி 2024-ல் சுமார் 10%, 2025-ல் 7.5% கூடியது. சேவைகளிலும் கை வைத்தார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட சம்பள பாக்கி, கடைசியில் ஊர் மக்களின் வரி ரசீதில் வந்து நின்றது.