கறுத்த உடையும் கறுத்த உள்ளமும்

"பேய்ப் பாட்டுக் கேட்பவனுக்கு நம் படிப்பகத்தில் இடமில்லை" என்று எங்கள் தோட்டத்துப் பெரியோர் ஒருமுகமாகத் தீர்மானித்து ஆறு திங்கள் ஆகின்றன. அத்தீர்மானத்தை நடவடிக்கைப் புத்தகத்தில் அழகுற எழுதி முடித்தவர் யாரென வினவுவீராயின், யாமே. செக்றோல் எழுதும் கிராணியின் கையன்றோ! சொன்னதை எழுதிற்று, சிந்திக்கவில்லை.

குற்றவாளி யார்? எங்கள் லயத்திலே பிறந்து, பக்கத்து நகரத் தொழிற்சாலையிலே உழைத்து, மாதந்தவறாமல் தாயின் கையில் பணங்கொடுக்கும் ஓர் இளைஞன். கறுப்புச் சட்டை அணிவான். கண்ணுக்கு மை தீட்டுவான். பேஸ் கிதார் மீட்டுவான். கோத் என்றும் டார்க்வேவ் என்றும் வழங்கும் இசையில் அவனுக்குப் பற்று. இதற்காக மண்டோராயிருந்த அவன் தந்தை அக்கிதாரை வாசலில் எறிந்து முறித்தார். தாயோ மந்திரவாதியைத் தேடிப்போனாள். படிப்பகம் கதவடைத்தது.

சம்பளத் தினத்தன்று அவன் எம்மிடம் வந்து, "ஐயா, ஒருமுறை வந்து கேளுங்கள், கேட்டபின் இன்னொரு தீர்மானம் எழுதினாலும் எழுதுங்கள்" என்றான். நாணமுற்றோம், சென்றோம்.

கோலாலம்பூரில், கடைவரிசைக்கு மேலே ஒரு மாடிக்கூடம். சனிக்கிழமை இரவு. இரத்தமும் வெறியும் வசைமொழியும் காண்போமென்று எதிர்பார்த்தே படியேறினோம். கண்டது யாது? கறுப்புடுத்த அறுபது பேர் இருக்கலாம். மலாயர், சீனர், தமிழர் எல்லோரும் உண்டு. வயதிற் பெரியவரென்று எமக்கு ஒரு நாற்காலி கொணர்ந்து வைத்தனர். மூன்று குழுவினர் பாடினர். தாளம் போடுவதற்கு ஆளில்லை. இயந்திரம் தவறாது கொட்டிற்று. பாட்டை முன்னின்று நடத்தியது பேஸ் கிதாரின் தடித்த நரம்பே. மற்றைக் கிதாரின் ஒலி, பாழ்மண்டபத்திற் கூவிய குரல்போல எதிரொலித்துத் தேய்ந்தது. பாடுவோன் அடித்தொண்டையிலே பிரிவையும் தனிமையையும் பாடினான். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒரு பெண் ஓரத்தில் நின்று ஓசையின்றிக் கண்ணீர் விட்டாள், எவரும் நகைக்கவில்லை. நள்ளிரவில் கம்பிகளைச் சுருட்டித் தரையைப் பெருக்கிவிட்டே கலைந்தனர். எங்கள் தோட்டத்து விருந்துகள் முடிந்த பின் தரையின் கோலத்தை யாம் அறிவோம்!

இவ்விசையின் வரலாறு ஒளிவுமறைவானதன்று. 1979இல் பௌஹௌஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர், திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரால் ஒன்பது நிமிடத்திற்கு மேற்பட்ட பாட்டொன்றை வெளியிட்டனர். 1982இல் இலண்டன் சோகோவில் பேட்கேவ் என்னும் கூடம் திறக்கப்பட்டது. லீட்ஸ் நகரத்துச் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவினர் தம் தாள இயந்திரத்திற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பட்டமும் சூட்டினர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் பெந்தெகொஸ்தே நாட்களில் பெருவிழா நடைபெற்று வருகிறது; இருபதினாயிரம் பேரளவில் கூடுவர். அவ்விழாச் சீட்டையே டிராம் வண்டிக்கும் சீட்டாக ஏற்கின்றனர். ஒரு மாநகரம் அஞ்சாததற்கு ஒரு தோட்டத்துப் படிப்பகம் அஞ்சுவதேன்?

மறுப்போர் கூற்றை ஆராய்வோம். "கறுப்பு அபசகுனம்" என்பர். ஐயப்ப விரதத்திற்குக் கறுப்புடுத்து வருவோரின் காலில் விழுந்து வணங்குவோரும் இவர்களே. நிறம் மலையேறும்போது புனிதமாய், மாடியேறும்போது பேயாய் மாறுமோ? "வெள்ளையன் கோலம்" என்பர். அங்ஙனம் உரைத்த பெரியவர் கழுத்திலே டை தொங்கிற்று. அதனை நம் பாட்டனார் நெய்தாரோ? "துயரப் பாட்டு இளைஞரைக் கெடுக்கும்" என்பர். கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்த மொழி நம்முடையது. சாவு வீட்டில் ஒப்பாரி பாடிய கிழவிகளைப் பேயென்று நாம் துரத்தினோமா? பெலாருஸ் நாட்டு மோல்சாட் தோமா குழுவினர் உருசியக் கவிஞர் போரிஸ் ரீழியின் கவிதையொன்றுக்கு இசையமைத்துப் பாடி உலகெங்கும் பெயர்பெற்றனர். துயரத்தைச் சொல்ல ஒரு பாட்டு இருப்பது நோயன்று. பாட்டும் கேட்பாரும் இன்றித் துயரத்தை விழுங்குவதே நோய்.

குறையே இல்லையென்று யாம் வாதிக்க வரவில்லை. ஒலி மிகுதி, செவியடைப்பான் இன்றி அங்கே நிற்றல் தகாது. துயரிலே அளவிறந்து மூழ்கும் இளைஞரும் இருப்பர். அவர்களுக்கு வேண்டியவர் மருத்துவர். மந்திரவாதியல்லர், தீர்மானம் எழுதும் கிராணியுமல்லர்.

"வெறும் தீர்மானந்தானே, யாருக்கு என்ன கேடு?" எனக் கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். 2007 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பேக்கப் நகரப் பூங்காவிலே, கோத் கோலம் பூண்ட சோஃபி லங்காஸ்டர் என்னும் இருபது வயதுப் பெண்ணின் காதலனை இளைஞர் கூட்டமொன்று தாக்கியது. வீழ்ந்தவனைத் தாங்கிய அவளையும் மிதித்தனர், அவள் மீளவில்லை. அவள் செய்த குற்றம், வேறுவிதமாய் உடுத்தியது. 2013 முதல் மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை இத்தகைய தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதிந்து வரத் தொடங்கிற்று. அக்கால்கள் ஒரே நாளில் மிதிக்கக் கற்கவில்லை. "இவன் நம்மவனல்லன், இவன் பேய்" என்று எங்கோ பெரியவர் ஒருவர் சொல்ல, சிறியவர் கேட்டுக்கொண்டிருந்திருப்பர். எங்கள் படிப்பகத்திலும் சிறுவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

தோழர்காள்! கூலியென்றும் தாழ்ந்தவனென்றும் தோற்றத்தால் அளக்கப்பட்டவர் நாம். அதே அளவுகோலை நம் பிள்ளையின் மீது வைக்கத் துணிவோமாயின், நாம் கற்றதுதான் என்ன? வரும் பொதுக்கூட்டத்தில் அத்தீர்மானத்தை நீக்குமாறு யாமே முன்மொழிவோம். வழிமொழிய ஆளில்லாவிடினும் முன்மொழிவோம். எழுதிய கையே அடித்தெழுதட்டும். முறிந்த கிதாருக்கு நம் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு வைத்துள்ளோம். மற்றையோரும் தத்தம் மனச்சான்றைக் கேட்டுச் செய்க.