நூறு தோண்டித் தண்ணீர்

"உங்கள் மணவாளக்குறிச்சியில் மணலைத் தவிர வேறென்ன ஐயா விளையும்?" என்று நாகர்கோவில் நண்பர் ஒருவர் நம்மைக் கேலி செய்வதுண்டு. கேலிதான் என்றாலும் அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. 1909-ஆம் வருஷத்தில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பரிசோதித்து, அதில் மோனசைட் என்ற அரிய கனிப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று முதல் நமது கடற்கரை மணலுக்கு உலகெங்கும் கிராக்கி ஏற்பட்டது. இல்மனைட், ருட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று வகைவகையாகப் பிரித்தெடுக்க ஊரிலேயே ஓர் ஆலையும் எழுந்தது. இத்தனை பெருமை வாய்ந்த மணலுக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. அதன்மேல் ஊற்றிய தண்ணீர் நிற்பதில்லை! வெண்டைச் செடிக்கு மோனசைட்டினால் என்ன பிரயோஜனம்?

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி நாம் இப்பகுதியில் எழுதத் தொடங்கியது முதல் நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐந்தாறு சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு எத்தனை குதிரைச் சக்தியுள்ள மோட்டார் வாங்கலாம்?" என்பதே அது. சில வருஷங்களுக்கு முன் இதே கேள்வியை நாமும் கேட்டோம். அதனால் விளைந்ததைச் சொல்லிவிட்டால், பதில் தானே விளங்கிவிடும்.

நமது தகப்பனார் வைத்துவிட்டுப் போன தோட்டம் ஆறு சென்ட். ஏறக்குறைய ஐம்பதடிக்கு ஐம்பதடி. கடலிலிருந்து முக்கால் மைல் தூரம் இருக்கும். மூலையில் ஒரு கிணறு. அதற்கு ஒரு துலா. கோதையாற்றுத் தண்ணீரைத் தேக்கி 1906-ஆம் வருஷம் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும், அதிலிருந்து பிரியும் கால்வாய்களும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குச் சோறு போடுகின்றன. பட்டணம் கால்வாயைப் பள்ளத்தாக்கின்மேல் ஆகாயத்திலேயே கொண்டு செல்லும் மாத்தூர்த் தொட்டிப் பாலத்தை 1966-இல் கட்டினார்கள். ஆனால் ஆற்றைத் தூக்கி மலைக்கு மலை தாண்டவைத்த எந்தப் பொறியியலாலும் நமது மணல் மேட்டுக்கு ஒரு செம்பு தண்ணீர் வந்து சேராது. நமக்குக் கிணறே கோதையாறு.

தகப்பனார் காலையில் ஐம்பது தோண்டி, மாலையில் ஐம்பது தோண்டி இறைப்பார். ஐம்பத்தோராவது தோண்டி இறைத்து நாம் பார்த்ததில்லை. மழைக்கால முகில் திரண்டால் குறைப்பாரே தவிர, பங்குனி வெயிலிலும் கூட்டமாட்டார். பட்டம் பெற்ற பிள்ளையாகிய நமக்கு அது பிடிவாதமாகவே தோன்றிற்று.

அவர் காலமான பிறகு துலாவைக் கழற்றிவிட்டு ஒரு குதிரைச் சக்தி மோட்டாரைப் பொருத்தினோம். பொத்தானை அழுத்தியதும் குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்த காட்சியைக் கண்டு வீட்டுக் குழந்தைகள் கைகொட்டினார்கள். உள்ளபடியே நாமும் கொட்டினோம். தினம் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். வெண்டை, கத்தரி, பயறு என்று இருந்த தோட்டத்தில் ஏத்தன் வாழை நட்டோம். வேலியோரத்துத் தென்னைகளுக்கும் வாய்க்கால் வெட்டினோம். தண்ணீர்தான் இருக்கிறதே!

பக்கத்துத் தோட்டத்துப் பாட்டா ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "சாரே, இது கெணத்தயா எறைக்கிய, கடலயா எறைக்கிய?" என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டோம்.

மாசி மாதம் பயற்றங்கொடியின் இலைகள் ஓரத்தில் கருகத் தொடங்கின. பூச்சியென்று எண்ணி வேப்பெண்ணெய் தெளித்தோம். பங்குனியில் வெண்டையின் பிஞ்சுகள் சுருண்டன. ஒரு நாள் காலை வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அதில் உப்பு இருந்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்களென்று நாம் எழுப்பிய வாக்குவாதம் முடிவதற்குள், கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீரை மொண்டு வந்து நம் முன்னே வைத்தார்கள். குடித்துப் பார்த்தோம். அதற்குமேல் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் கடல்நீர் புகுந்ததை இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். அது மேலிருந்து வந்த உப்பு. நமது கிணற்றில் ஏறியதோ கீழிருந்து, நாமே பொத்தானை அழுத்தி வரவழைத்த உப்பு.

இது எப்படி நேருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் பெய்த மழைநீர் கீழே இறங்கி, அங்கே பரவியிருக்கும் உப்புநீரின்மேல் எண்ணெயைப் போல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் நல்ல நீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனம் அதிகம். ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். ஹாலந்து தேசத்து ராணுவப் பொறியாளர் பதோன் கைபன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. கேட்பதற்கு இனிமையான கணக்குத்தான். ஆனால் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். மோட்டாரை ஓட்டிக் கிணற்று நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாகத் தாழ்த்தினோமானால், நாளடைவில் கீழேயுள்ள உப்பு நாற்பது அடி மேலேறி வரும். ஒரே இடத்தில் வேகமாக இறைக்கும்போது, கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல் எழும்புகிறது. அதே ஆயிரம் லிட்டரை மெள்ள மெள்ள, இடைவிட்டு எடுத்தால் அந்தக் கூம்பு எழுவதற்குள் ஊற்றுத் தண்ணீர் வந்து சமன் செய்துவிடும். துலாவுக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தோண்டி இறங்கி ஏறுகிற நேரமெல்லாம் கிணறு மூச்சு வாங்கிக்கொள்ளும்.

அந்த வருஷம் மோட்டாரை நிறுத்திவிட்டோம். இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகே தண்ணீர் பழைய ருசிக்கு வந்தது. இதற்கிடையில் தோட்டம் புல் முளைத்துக் கிடந்தது. சந்தைக் காய்கறியை விலை கொடுத்து வாங்கினோம். பாட்டா மட்டும் தினமும் ஒரு பிடி கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். பழைய கேள்வியை அவர் மறுபடி எழுப்பவேயில்லை. அது நமக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுபடி தொடங்குமுன், செடிக்கு வேண்டியது எவ்வளவு என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். நமது பக்கத்துக் கோடையில் செடியும் மண்ணுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தண்ணீரை வெயிலுக்குப் பறிகொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே சென்டுக்கு 200 லிட்டர். ஆறு சென்டுக்கு 1,200 லிட்டர். இந்த எண்ணை எழுதி முடித்ததும் நமக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. பரணிலிருந்த பழைய தோண்டியை இறக்கி அளந்து பார்த்தோம். பன்னிரண்டு லிட்டர் பிடித்தது. நூறு தோண்டி என்றால் 1,200 லிட்டர்! தகப்பனார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர்.

நமது மோட்டார் நாள்தோறும் அதைப் போல் நாலைந்து மடங்கு தண்ணீரைக் கொட்டிற்று. அதில் பெரும்பங்கு செடிக்குப் போகவேயில்லை. மணலில் ஓரடி ஆழத்துக்குச் செடிக்குப் பயன்படும்படி தங்கும் தண்ணீர் ஓர் அங்குலத்துக்கு மேல் இராது. வண்டல் கலந்த களிமண்ணில் அது இரண்டு பங்கு தங்கும். மிச்சமெல்லாம் எருவையும் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எனவே மணல் தோட்டத்துக்குக் கொஞ்சமாகவும் அடிக்கடியும் பாய்ச்சுவதே முறை.

இந்தக் காரியத்துக்குச் சொட்டு நீர்ப் பாசனமே ஏற்றது. கசிந்துகொண்டிருந்த குழாயின் அருகே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிடச் செழித்து நின்றதைக் கண்டு, ஸிம்கா பிளாஸ் என்னும் யூதப் பொறியாளருக்கு இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். 1965-இல் இஸ்ரேலின் ஹட்ஸெரிம் கூட்டுப் பண்ணையார் அதை ஒரு தொழிலாகவே தொடங்கினார்கள். நமது ராஜ்யத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கான செலவு முழுவதையும், மற்றவர்களுக்கு முக்கால் பங்கையும் சர்க்கார் மானியமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நாம் உத்தியோகஸ்தர்; கைக்காசைப் போட்டோம்.

காசைப் போட்டும் முதல் தடவை ஏமாந்தோம். மணிக்கு நாலு லிட்டர் சொட்டும் குழாய் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். நாலடி உயர மேடை கட்டி, ஐந்நூறு லிட்டர் தொட்டியை வைத்து, ஐம்பதடி நீளக் குழாய்களைப் பாத்திதோறும் நீட்டினோம். தொட்டிக்கு அருகிலிருந்த கத்தரி குளித்தது. கோடியிலிருந்த கத்தரி நாக்கைத் தொங்கவிட்டது. விற்றவர் சொன்னது பொய்யுமன்று. நாலு லிட்டர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில், அதாவது முப்பத்துமூன்று அடி உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கும்போது. உயரம் குறைந்தால் சொட்டும் குறையும். ஆனால் உயரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறையும். நாலடியில் மணிக்கு ஒன்றரை லிட்டர்கூடத் தேறாது. அது மோசமில்லை; நமக்கு வேண்டியதே மெதுவான சொட்டு. கெடுத்தது குழாயின் நீளந்தான். பெரிய குழாயைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் போட்டு, இரு பக்கமும் இருபத்தைந்தடிக்குக் கிளை பிரித்தோம். பிறகு தலையிலும் நடுவிலும் கோடியிலும் சொட்டும் இடங்களுக்குக் கீழே சிரட்டைகளை வைத்து, ஐந்து நிமிஷம் கழித்துச் சேர்ந்த தண்ணீரை அளந்தோம். மூன்றும் ஏறக்குறையச் சமம். சிரட்டைப் பரீட்சையில் தேறாமல் எந்த நேயரும் குழாயை மண்ணில் புதைத்துவிட வேண்டாம்.

சொட்டுக்குச் சொட்டு எவ்வளவு இடைவெளி என்பதும் மண்ணைப் பொறுத்தது. களிமண்ணில் ஒரு சொட்டு வெங்காயத்தைப் போல் பக்கவாட்டில் பரவும். மணலில் முள்ளங்கியைப் போல் நேரே இறங்கிவிடும். ஆகையால் ஓரடிக்கு ஒரு சொட்டு வேண்டும். ஒன்றரையடி, இரண்டடி என்று விட்டால் நடுவிலுள்ள செடி பட்டினி.

பாத்திகளுக்கு அடியில் கதம்பையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணிட்டு மூடினோம். நார் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கயிற்றுத் தொழிலுக்குப் பேர்போன கரையில் கதம்பைக்குப் பஞ்சமில்லை. தடியங்காய்க்கும் வெள்ளரிக்கும் குழாயே வைக்கவில்லை. அடியில் மெழுகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் நாலு விதை ஊன்றி, வாரம் இரண்டு முறை பானையை நிரப்பினோம். பானை தானே கசிந்து வேருக்கு ஊட்டும். சீன தேசத்தில் கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டிலேயே ஃபான் ஷெங்சி என்பவர் இம்முறையை எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது அரைக் குதிரைச் சக்தி மோட்டார் காலையில் கால் மணி நேரம், மாலையில் அதிலும் பாதி நேரம் ஓடுகிறது. நாளொன்றுக்கு எழுநூறு லிட்டருக்குமேல் போவதில்லை. வாழையை எடுத்துவிட்டோம். மாதம் ஒரு முறை கிணற்று மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து சுவரில் எழுதுகிறோம். வருஷம் ஒரு முறை, சித்திரையில், ஒரு புட்டி தண்ணீரை வேளாண்மைத் துறையின் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். உப்பு நாக்குக்குத் தெரிவதற்கு வெகு நாள் முன்பே பயற்றுக்குத் தெரிந்துவிடும். தொல்லைகள் இல்லாமலில்லை. வடிகட்டியை வாராவாரம் கழுவாவிட்டால் பாசி அடைத்துக்கொள்ளும். அணில்கள் தாகத்துக்குக் குழாயைக் கடித்தன. வேலியோரம் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு பெரும்பாலும் சட்டிக்கே வருகின்றன.

கடைசியாக ஒரு விஷயம். சொட்டும் இடத்தைச் சுற்றி ஈரம் முடிகிற விளிம்பில், கோடை முழுவதும் சிறுகச் சிறுக உப்புச் சேர்ந்து ஒரு வட்டமாக நிற்கும். முதல் மழை லேசாகப் பெய்தால் அந்த உப்பை வேருக்குள் தள்ளிவிடும். ஆகவே முதல் மழையின்போது குழாயைத் திறந்தே வைக்க வேண்டும். உள்ளேயிருந்து கசியும் நீர் உப்பை வெளியிலேயே நிறுத்தும். நல்ல மழையாக ஒன்றிரண்டு பெய்து மண்ணை அலம்பிய பிறகு மூடலாம்.

சென்ற வைகாசிக் கடைசியில் தூறல் விழுந்தபோது நாம் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டியின் குழாயைத் திறந்தோம். வேலிக்கு அப்பால் பாட்டா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"சாரே, மழையில தண்ணி பாய்ச்சுகியளா?" என்றார்.

காரணத்தைச் சொன்னோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, தம்முடைய கத்தரிக்கும் நாலு தோண்டி ஊற்ற வேண்டுமென்று துலாவை நோக்கி நடந்தார்.