ஊசியும் புண்ணாக்கும்



நம் இதழின் அலுவலகத்துக்கு வாசகர் கடிதங்கள் வருவது குறைந்துவிட்டது. பதிலுக்கு வாட்ஸ்அப்பில் காணொளிகள் வந்து குவிகின்றன. “ஐயா, இது உண்மையா? உடனே போட்டு மக்களை எச்சரியுங்கள்” என்று கூடவே ஒரு வரி. பெரும்பாலும் சாப்பாட்டு விஷயம்தான். அரிசியில் பிளாஸ்டிக், தர்பூசணியில் சாயம், கோழிக்கு ஊசி, பாலில் யூரியா. அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பயம் வரத்தான் செய்யும். இந்த மாதம் அவற்றில் சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தோம்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு, பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் பெருக்க வைக்கிறார்கள் என்று ஒரு துணுக்கை வைத்து நிரப்பினோம். அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. இதழ் கடைக்குப் போன நாலாம் நாள் பல்லடம் பக்கமிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “என்ற பண்ணையில அஞ்சாயிரம் கோழி இருக்குதுங்க. ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊசி போட எத்தனை ஆளு வேணும், கூலி எவ்வளவு ஆகும், உசுருக்கோழி கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். போட்டுப் பார்த்தேன். மருந்தே இலவசமாகக் கிடைத்தாலும் கூலியிலேயே பண்ணை மூழ்கிவிடும்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்து கொடுத்தால் குடலில் செரித்துப் போகும். அப்படியானால் கோழி எப்படி இவ்வளவு சீக்கிரம் வளர்கிறது? கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 1957-ஆம் ஆண்டின் கோழி ரகம், 1978-ன் ரகம், 2005-ன் ரகம் மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை போட்டபோது முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகப் பெருத்த கோழியையே பொறுக்கி இனம் சேர்த்ததன் விளைவு இது. காளையைப் பார்த்துப் பார்த்துச் சினைக்கு விட்ட நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத வித்தை அல்ல. பண்ணையில் ஊசி இருப்பதும் உண்மைதான், அது தடுப்பூசி. அதிலும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் கண்ணில் சொட்டு விட்டோ, குடிதண்ணீரில் கலந்தோதான் கொடுக்கிறார்கள்.

இந்த ஊசிக் கதையால் எனக்குள்ள வருத்தம் வேறு. கோழி வளர்ப்பில் கவலைப்பட வேண்டிய விஷயம் நிஜமாகவே ஒன்று இருக்கிறது: நோயில்லாத கோழிக்கும் தீவனத்தோடு ஆன்டிபயாடிக் போடும் பழக்கம். கொலிஸ்டின் என்ற மருந்து, மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல் மத்திய அரசு தடை போட்டது. ஊசிக் காணொளி நூறு வந்திருக்கும். கொலிஸ்டின் பற்றி ஒரு வாசகர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நாங்களும் எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தர்பூசணிக்கு வருவோம். பழத்துக்கு ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு 2025 கோடையில் கிளம்பியபோது திண்டிவனம், மரக்காணம் பக்கம் அறுவடை நேரம். பழம் கேட்பாரற்றுக் கிடந்தது. தமிழ்நாட்டில் அப்படிச் சாயம் ஏற்றிய பழம் பிடிபடவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. விலை அதற்குள் விழுந்துவிட்டது. ஊசி குத்திய பழம் அந்த ஓட்டை வழியே அழுகத் தொடங்கிவிடும். குத்திய இடத்தில்தான் சாயம் திட்டாக நிற்குமே தவிர, பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. சிவப்பு நிறம் லைகோபீன் தருவது, தக்காளியிலும் அதுதான். வெள்ளைத் துணியில் ஒற்றினால் பழச்சாறே இளஞ்சிவப்பாக ஒட்டத்தான் செய்யும். பழம் நடுவில் பிளந்திருந்தால் அது ஊசியால் அல்ல, சரியாக மகரந்தம் சேராததால். தேனீ வராத குற்றத்துக்கு விவசாயி தண்டனை வாங்கினார்.

பிளாஸ்டிக் அரிசியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குருணை அரிசியை விட விலை அதிகம். கலப்படக்காரன் நஷ்டத்துக்குத் தொழில் செய்ய மாட்டான். சோற்றை உருட்டி அடித்தால் பந்து போல எம்புவது மாவுச்சத்தின் குணம். ரேஷன் அரிசியில் வேறு மாதிரித் தெரியும் மணிகள் இருப்பது மெய். அவை செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, அச்சில் சேவை பிழிகிற மாதிரிப் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கியவை. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கிறார்கள். எல்லாருக்கும் இது தேவையா என்ற விவாதம் நடக்கிறது, நியாயமான விவாதம். ஆனால் ரத்தசோகை உள்ள ஒரு தாய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் என்று அந்த மணிகளை மட்டும் தேடிப் பொறுக்கி எறிவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

பயம் எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மாங்காயைப் பழுக்க வைக்கக் கார்பைடு கல் வைப்பது நடக்கிறது. சட்டம் அதை அடியோடு தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டுமே அனுமதி.

பாலில்தான் கதை திசை மாறுகிறது. கலப்படப் பாலால் 2025-க்குள் இந்தியர்களில் 87 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததாக ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றியது. அப்படி எதுவும் அந்த நிறுவனம் சொல்லவில்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள் மாதிரியான ஆபத்தான கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில். எண்ணைச் சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறோம். அப்பாடா என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அளவுக்கு மீறி இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இருந்தது; எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம்.

இந்த நஞ்சைப் பால்காரர் ஊற்றிக் கலப்பதில்லை. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் பூசணம் பிடிக்கிறது, மாடு தின்கிறது, பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இதில் ஊசியோடு பிடிபட ஆள் இல்லை, படம் பிடித்து அனுப்ப ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் எச்சரிக்கச் சொல்லி நமக்கு அனுப்பவில்லை.

இனி ஒரு காணொளி உங்களுக்கு வந்தால் தாராளமாக எங்களுக்கு அனுப்புங்கள். எந்த ஊரில், எப்போது எடுத்தது என்று அனுப்பியவரிடம் கேட்டுச் சேர்த்து அனுப்பினால் எங்கள் வேலை பாதியாகும். தெரிந்ததை அடுத்த இதழிலேயே சொல்கிறோம்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடைமழைக் காலத்துக்கு முன்பே புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல், சுவரிலும் சாய்க்காமல், கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பூசணம் பூத்த கட்டியை மாடுதானே என்று ஊறப்போடாதீர்கள். எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்