பெயரிடாத ஒலித்தடம் ஆங்கிலமாகும்

‘எம்கேவி’ என்ற பின்னொட்டுடன் வரும் காணொளிக் கோப்புகளின் வரையறையில் ஒரு விதி உண்டு. ஓர் ஒலித்தடம் எந்த மொழியிலானது என்று கோப்பினுள் குறிக்கப்படாவிட்டால், அதை ஆங்கிலம் என்றே கொள்ளவேண்டும். மட்ரோஸ்கா எனப்படும் இந்தக் கோப்புமுறை 2024 அக்டோபரில் ஆர்எஃப்சி 9559 என்ற எண்ணுடன் இணையத் தரநிலை ஆவணமாக வெளியானபோதும் அவ்விதி நீடித்தது. மதுரை வட்டாரத் தமிழில் எடுக்கப்பட்ட படமாயினும், நீலகிரியில் இருளர் முதியவர் ஒருவர் கதை சொல்வதைப் பதிவுசெய்த களக்கோப்பாயினும், பெயரிடாமல் விட்டால் கணினியின் கணக்கில் அது ஆங்கிலம். மொழியியல் வகுப்புகளில் குறியுற்ற வடிவம், குறியுறா வடிவம் என்று பாடம் நடத்துவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கடையில் வாங்கிய ஸ்மார்ட் டிவியில் படம் பார்ப்பவர் இவ்விதியைச் சந்திக்கவே மாட்டார். தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சிறு கணினியை வைத்து, அதில் லினக்ஸை நிறுவி, ‘ஏன் இந்தப் படம் மட்டும் தவறான மொழியில் தொடங்குகிறது’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழப்பவருக்கே அது தெரியவரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீணானதன்று என்பதே இப்பதிவின் வாதம். திரைப்படத்தையும் பேச்சு மொழியையும் ஆய்வுப்பொருளாகக் கொண்ட துறைகள் இத்தகைய ஒரு கணினியைப் பொழுதுபோக்குச் சாதனம் என்று ஒதுக்கிவைப்பது பிழை. மொழி எந்த இடத்தில் உடைகிறது என்பதைத் திறந்து பார்க்கவும், உடைந்த இடத்தைத் திருத்தவும் வீட்டளவில் கிடைக்கும் ஆய்வுக்கருவி அது.

பெங்களூரில் இக்கருவியைச் சேர்ப்பது கடினமன்று. எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அழைக்கும் சதர் பத்ரப்பா சாலையின் கடைகளில், அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய மேசைக்கணினிகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டவை இப்பணிக்கு மிகப் பொருத்தமானவை. 10 பிட் ஹெச்இவிசி காணொளியை அவை வன்பொருளிலேயே விரித்துக்காட்டும். ஆனால் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை என்ற பட்டியலில் அத்தலைமுறைச் செயலிகள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆக, எந்தக் குறையும் இல்லாத ஒரு பொறி ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியால் பழையதாகிறது. லினக்ஸ் அதை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. டெபியனை நிறுவி அதன்மேல் ‘கோடி’ என்ற திறந்தமூல ஊடக மென்பொருளை (எண்ணைக் குறிக்கும் கோடி அன்று) ஏற்றலாம். அல்லது அம்மென்பொருளுக்கென்றே வடிவமைத்த லிப்ரெஎலெக்கை நேரடியாக நிறுவலாம். முதல் நாளில் வரும் சிக்கல்கள் எங்கும் ஒரே மாதிரியானவை. ஒலி ஹெச்டிஎம்ஐ வழியாக வராது. காணொளி முடுக்கத்துக்கான இயக்கி இல்லாமல் செயலி சூடேறும். தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குக் கணினி செவிசாய்க்காது. பெரும்பாலான மேசைக்கணினிகளின் ஹெச்டிஎம்ஐ துறையில் சிஇசி எனும் அந்த வசதியே கிடையாது என்பதால், அதற்கென ஒரு யுஎஸ்பி இணைப்பான் வாங்கவேண்டிவரும். இவற்றுக்கெல்லாம் தீர்வு தேடினால் அகப்படும். மொழி சார்ந்த சிக்கல்களே நின்று பார்க்கத் தக்கவை.

ஒலித்தடத்திலிருந்தே தொடங்கலாம். கர்நாடகத்தில் மொழிமாற்றுப் படங்களுக்கு 1960களிலிருந்தே கடும் எதிர்ப்பு இருந்துவந்தது. சட்டப்படி தடை ஏதுமில்லாவிடினும், கன்னடக் குரலேற்றிய பிறமொழிப் படம் பல பத்தாண்டுகளாகத் திரைக்கு வரவில்லை. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை உள்ளிட்ட அமைப்புகளின் செயலைப் போட்டிக்கு எதிரானது என்று தீர்மானித்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 2022இல் ‘கேஜிஎஃப்’ இரண்டாம் பாகம் கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, மலையாளம் என ஐந்து மொழிகளில் வெளியானது. இன்று ஒரே படத்துக்குப் பல ஒலித்தடங்கள் இருப்பதே இயல்பு. ஹலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ உள்ள ஒரு வீட்டில் பாட்டிக்குத் தமிழும், பள்ளி செல்லும் பேரனுக்குக் கன்னடமும், மணமாகி வந்த மருமகளுக்குத் தெலுங்கும் எளிதாக இருக்கக்கூடும். அவ்வீட்டில் படம் தொடங்கும் கணத்தில் எந்தத் தடம் முதலில் ஒலிக்கிறது என்பது அற்பமான கேள்வியன்று. மூடிய பெட்டியில் அதை யார், எந்த அளவுகோலால் முடிவுசெய்தார் என்பது தெரியாது. லினக்ஸ் கணினியிலோ, கோப்பின் தலைப்பகுதியை ‘எஃப்எஃப்ப்ரோப்’ கொண்டு படித்தால் காரணம் எழுத்தில் தெரிகிறது: மூன்றெழுத்துக் குறியீடு விடுபட்டிருக்கும், அல்லது ‘முதன்மை’ என்ற கொடி வேறொரு தடத்தில் நட்டிருக்கும். ‘எம்கேவி ப்ராப்எடிட்’ சில நொடிகளில் அதைத் திருத்திவிடுகிறது. படத்தை மறுபடி குறியாக்க வேண்டியதில்லை.

இருளர் பதிவை எடுத்துக்கொண்டால் விடை இத்தனை எளிதாக இல்லை. மட்ரோஸ்காவின் பழைய மொழிப்புலம் ஐஎஸ்ஓ 639-2 பட்டியலை நம்பியது. அப்பட்டியலில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தனிக்குறியீடு உண்டு. இருளத்துக்கும் படகத்துக்கும் இல்லை. அவை ‘பிற திராவிட மொழிகள்’ என்ற கூட்டுக்குறியீட்டுக்குள் அடங்கவேண்டும். பின்னர் வந்த ஐஎஸ்ஓ 639-3 இவ்விரண்டுக்கும் தனிக்குறியீடு வழங்கியது. மட்ரோஸ்காவில் சேர்க்கப்பட்ட புதிய மொழிப்புலம் அதை ஏற்கிறது. ஆயினும் பழைய புலத்தை மட்டும் படிக்கும் பொறியில் இருளம் இன்னும் ‘பிற’தான். மொழிகளை வகைப்படுத்தும் அரசியலைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் தேடும் ஆய்வாளர்கள் தம் வரவேற்பறையிலும் ஒருமுறை தேடிப்பார்க்கலாம்.

சப்டைட்டிலின் கதை வேறு. எஸ்ஆர்டி வகைக் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. தான் எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் சிதறிக்கிடந்தது. அக்காலக் கோப்பு ஒன்றை இன்றைய கணினி திறந்தால் ஐரோப்பிய எழுத்துக்களின் குப்பை திரையில் ஓடும். யூனிகோடு கோப்பாயினும் இன்னொரு தடை காத்திருக்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோடு முதலில் ககர மெய்யாகவும் பிறகு உயிர்க்குறியாகவும், அதாவது ஒலிப்பின் வரிசையில் சேமிக்கிறது. கண்ணுக்கோ கொம்பு இடப்பக்கம் தெரியவேண்டும். டிஸ்கி காட்சி வரிசையிலேயே சேமித்ததால் அதற்கு இவ்வேலை இல்லை. யூனிகோட்டில் உயிர்க்குறியைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது ஹார்ஃபஸ் போன்ற எழுத்தமைப்பு நூலகத்தின் பணி. அந்நூலகத்தை அழைக்காத மென்பொருளில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசைகட்டும். லிப்ஆஸ் எனும் சப்டைட்டில் நூலகம் ஹார்ஃபஸைப் பயன்படுத்துவதால் இன்றைய லினக்ஸ் இயக்கிகள் பலவற்றில் தமிழ் செம்மையாகவே தெரிகிறது. தெரியாதபோது பிழை எழுத்துருவிலா, குறியாக்கத்திலா, எழுத்தமைப்பிலா என்று படிப்படியாகப் பிரித்தறிய முடிகிறது. ஸ்மார்ட் டிவியின் யுஎஸ்பி துறையில் அதே கோப்பைச் செருகிக் கட்டங்களைக் கண்டவருக்கு அடுத்த படி என்று ஒன்றில்லை.

ஒலியனியல் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. பால் முறைக் காணொளி நொடிக்கு 25 சட்டங்கள் கேட்கும். வட்டுத் தயாரிப்பில் இவ்விடைவெளியை நிரப்பும் வழக்கமான வழி படத்தைச் சற்றே வேகமாக ஓட்டிவிடுவது. அப்போது 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் தனியே சரிசெய்யாவிட்டால் எல்லாக் குரல்களும் நான்கு விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்துவிடும். அத்தகைய வட்டிலிருந்து ஒரு நடிகரின் அடிப்படை அதிர்வெண்ணையோ பேச்சு வேகத்தையோ அளந்து அட்டவணையிட்டால், அளவிடப்படுவது அவர் குரல் மட்டுமன்று. தயாரிப்புக்கூடத்தின் வேகமும் அதில் கலந்திருக்கும். இந்தியச் சந்தையில் என்டிஎஸ்சி வட்டுகளும் புழங்கியதால் ஒவ்வொரு வட்டையும் தனியே சோதிக்கவேண்டும். சட்ட வீதத்தையும் ஓடும் நேரத்தையும் முன்வைக்கும் திறந்த கருவிகள் இன்றி இச்சோதனை நடவாது. பழைய படங்களின் உரையாடலைத் தரவாகக் கொண்ட ஆய்வேடுகளில், எந்த வட்டு, எந்த வீதம் என்ற குறிப்பு இருக்கவேண்டும் என்று ஆய்வு நெறியாளர்கள் வற்புறுத்துவது நியாயமானது.

வட்டு என்றதும் பலருக்கும் மோசர் பேயர் நினைவுக்கு வரும. 2007 வாக்கில் அந்நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. பெட்டிக்கடையில்கூடத் தமிழ்ப்படம் கிடைத்த காலம் அது. 2018இல் நிறுவனம் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது. வட்டுகள் மட்டும் இன்னும் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை படங்கள் இணையத் தளங்களில் கிடைக்கின்றன, கிடைப்பவை நாளையும் கிடைக்குமா என்பதை ஒப்பந்தங்கள் தீர்மானிக்கும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காத ஒரு பண்பாட்டில், அலமாரி வட்டை அற்பமாக எண்ணுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. வட்டு இயக்கி பொருத்திய ஒரு பழைய லினக்ஸ் கணினி, புதிய மடிக்கணினிகள் கைவிட்ட அந்த வாசிப்பை இன்னும் செய்கிறது. கீறல் விழுந்த பகுதியை மறுபடி மறுபடி படித்து மீட்க முயலும் மென்பொருளும் அதில் உண்டு.

சட்டம் பற்றிய தயக்கம் பலருக்கும் எழும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதை ஈராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அதே பிரிவு, இச்சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை விலக்கியும் வைக்கிறது. 52ஆம் பிரிவோ ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டை நியாயமான கையாளுகை என ஏற்கிறது. விலைகொடுத்து வாங்கிய வட்டை ஆய்வுக்காக ஒருவர் தம் கணினியில் படிப்பதை இவ்விரண்டையும் சேர்த்து வைத்து நியாயப்படுத்த இடமுண்டு. பல்கலைக்கழகங்கள் இதைத் தெளிவான வழிகாட்டுதலாக எழுதித்தராமல் மாணவரின் துணிச்சலுக்கு விட்டுவைத்திருப்பதுதான் வருத்தத்துக்குரியது. 2022ஐ நினைவுகூர்வோருக்கு இத்தெளிவின் தேவை புரியும். விஎல்சி இயக்கியின் இணையதளம் அவ்வாண்டு பிப்ரவரி வாக்கில் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் உடனே சொல்லப்படவில்லை. சட்ட அறிவிக்கை அனுப்பிய பிறகு நவம்பரில்தான் முடக்கம் நீங்கியது. லினக்ஸ் பயனர்கள் தம் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே அதைப் பெற்றுவந்ததால் அம்மாதங்களைப் பெரும்பாலும் உணராமலே கடந்தனர்.

லினக்ஸ் தோற்கும் இடத்தையும் மறைக்கலாகாது. கட்டணத் தளங்கள் நம்பும் வைட்வைன் பூட்டின் உயர்நிலை, வன்பொருளோடு பிணைந்தது. மேசை லினக்ஸுக்குக் கிட்டுவது தாழ்நிலை மட்டுமே. ஆகவே முழுக் கட்டணம் செலுத்தியவருக்கும் 4கே தெளிவு வராது. 2024 பிப்ரவரியில், ஏஎம்டி தன் திறந்தமூல இயக்கியில் ஹெச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க முன்வைத்த திட்டத்தை ஹெச்டிஎம்ஐ மன்றம் ஏற்கவில்லை என்ற செய்தியும் வந்தது. இவை பயனரின் திறமைக்குறைவால் வருபவை அல்ல. எத்தனை இரவு கண்விழித்தாலும் தீராதவை. புதிய படங்களைத் தளங்களில் மட்டுமே பார்க்கும் குடும்பத்துக்கு இக்கணினியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பழுதுபார்க்கும் நேரம் யாருடையது? வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்த கணினி, அவர் வெளியூர் சென்ற மாலையில் கறுப்புத் திரையாக நிற்கிறது. சுதந்திரம் என்ற பெயரில் ஒருவரிடம் மட்டும் சாவி இருப்பதும் ஒருவகைப் பூட்டுதான். இத்தகைய கணினிகளை அமைப்போர் தாம் செய்த மாற்றங்களை வீட்டார் படிக்கக்கூடிய தமிழிலோ கன்னடத்திலோ ஒரு தாளில் எழுதி அருகில் ஒட்டிவைப்பது அரிது. ஆவணப்படுத்தலைப் பற்றி ஓயாமல் பேசும் ஆய்வுலகத்தவர்க்கு இது சற்றுக் கூச்சம் தரவேண்டிய செய்தி.

ஆகையால் இவ்வேலை தனிமனிதரின் வரவேற்பறையோடு நின்றுவிடாமல் துறைகளுக்கு வரவேண்டும். கழித்த கணினி ஒன்று, வட்டு இயக்கி ஒன்று, பருவத்துக்கு இரண்டு மாணவர் போதும். ஆசிரியர்களின் அலமாரி வட்டுகளைப் படித்து, ஓடும் வேகத்தைக் குறித்து, ஒவ்வொரு தடத்துக்கும் மொழிக்குறியீடு இடுவது அவர்கள் பணியாகலாம். அப்பணி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு நல்ல சச்சரவு எழும். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் தொடர்ந்து ஆங்கிலத்தில் முடியும் பெங்களூர்ப் பேச்சுப் பதிவுக்கு என்ன குறியீடு இடுவது? ‘பல மொழிகள்’ என்றொரு கூட்டுக்குறி பட்டியலில் உண்டு; தமிழ்க் குறியோடு தனிப்பயன் துணைக்குறி ஒன்றைச் சேர்க்கவும் புதிய முறை இடம்தருகிறது. இரண்டில் எது என்பதைத் துறையின் முதல் கூட்டத்திலேயே விவாதிக்கலாம்.