பாலோடு வரும் பழைய மருந்து



போன மாதம் என் தங்கை மகள் நான்கு மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "பெரியம்மா, மாட்டுப் பாலிலே, முட்டையிலே, தாய்ப்பாலிலேகூடப் பூச்சி மருந்து இருக்காமே! பேசாமல் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விஷயம் பொய்யில்லை. டி.டி.டி., பி.எச்.சி. போன்ற மருந்துகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வயலில் அடித்த மருந்து வைக்கோலிலும் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் தங்குகிறது. மாடு அதைத் தினமும் தின்ன, அதன் கொழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. பிறகு பாலின் கொழுப்போடு வெளியே வருகிறது. முட்டையில் மஞ்சள் கருவிலும், கறியில் கொழுப்பிலும் தங்குகிறது. நம் உடம்பிலும் இதே கதைதான். காய்ச்சினால் கிருமி சாகும். இந்த மருந்து அப்படிப் போய்விடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து, 1993-ல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 82 மாதிரிகளில் டி.டி.டி. இருந்தது. நூற்றுக்கு 37-ல், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பையும் தாண்டியிருந்தது!

ஒரு டம்ளர் பால் குடித்து யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் வருஷக்கணக்கில் சேர்ந்தால் கெடுதல். டி.டி.டி. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2015-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும் நிறுத்தப்பட்டுவிட்டன. மண்ணிலிருந்து சட்டென்று மறையாதே தவிர, புதிதாகச் சேர்வது குறைந்தது.

இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என் அம்மா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மலேரியாக்காரர்கள் வந்து வீடு, மாட்டுத் தொழுவம் எல்லாவற்றிலும் மருந்தடித்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களிடம் ஒரு பிடி பொடி கேட்டு வாங்கி, உண்ணி போக மாட்டின் மேல் தேய்ப்பாள் அம்மா. சாயங்காலம் அதே மாட்டில் பால் கறந்து எங்களுக்குக் கொடுப்பாள்.

"ஏண்டி, அப்போ என் கையாலேயே உங்களுக்கு விஷத்தைக் கொடுத்தேனா?" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "இல்லேம்மா. அப்போ எல்லாரும் நல்லதுன்னுதானே சொன்னாங்க! அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க. மலேரியாவிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியதும் அதுதான். தெரியாமல் செய்தது தப்பாகாது. தெரிந்த பிறகும் செய்தால்தான் தப்பு" என்றேன்.

தெரிந்துகொண்ட நாம் என்ன செய்யலாம்?

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. முதல் ஆறு மாதம் அதற்கு ஈடில்லை. புட்டியால் வரும் வயிற்றுப்போக்கு உடனடி ஆபத்து. பால் கொடுக்கும் காலத்தில் இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள். கொழுப்பு வேகமாகக் கரைந்தால் அதில் இருப்பது பாலில் இறங்கும்.

பெரியவர்களுக்குப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஆடை எடுக்க வேண்டாம். அதற்குக் கொழுப்பு தேவை. கறியில் கொழுப்பையும், கோழியில் தோலையும், மீனில் குடலையும் நீக்கிவிட்டுச் சமையுங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் உண்ணிக்குத் தாங்களாகவே எதையும் தேய்க்காமல் கால்நடை டாக்டரைக் கேளுங்கள். மருந்து போட்டபின் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். பூச்சி மருந்து டப்பாவில் தவிடோ தண்ணீரோ வைக்காதீர்கள்.

பேசி முடிப்பதற்குள் குழந்தை சிணுங்கியது. அம்மாதான் முதலில் குரல் கொடுத்தாள்: "புட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடுத்துப் பால் கொடுடி, பிள்ளை பசியாறட்டும்!"