ஜாக்கி தூக்கும், தாங்காது!

என் மச்சினன் பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினான். கடன் அவன் பேரில், ஜாமீன் கையெழுத்து என் பேரில். கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து வண்டியில் பாதி நம்முடையது என்ற நினைப்பு வந்துவிட்டது எனக்கு. நட்டு, போல்ட்டு, ஹாரன் என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியாதவன்தான் சார் யோசனை சொல்வான். தெரிந்தவன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்!

வண்டியோடு வந்த ஜாக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. புதுசு வாங்க மதுரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை டன் சார்?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கம்பீரமாக, "பத்து டன்!" என்றேன்.

"மாமா, வண்டியே சரக்கோட சேர்த்து மூணு டன்தான் வரும்."

"இருக்கட்டும் மாப்ள. பெரிசா வாங்கினா பின்னாடி உதவும்."

பள்ளிக்கூடத்து டவுசரையே ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து லூஸாகத் தைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஜாக்கிக்கு மட்டும் வேற புத்தி வருமா?

அடுத்த வாரமே அந்த 'பின்னாடி' வந்தது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். சம்பளமில்லாத க்ளீனராக நானும் தொற்றிக்கொண்டேன். திண்டுக்கல் தாண்டி, கொடை ரோடும் தாண்டி, ராத்திரி ரெண்டரை மணிக்குப் பின்பக்க இடது டயர் 'பொஸ்ஸ்' என்றது. விடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் தக்காளி விலை இறங்கிவிடும்.

ஸ்டெப்னியை இறக்கினோம். (இது நம்ம ஊர்ப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரண்டு சகோதரர்கள் உருவாக்கிய உபரிச் சக்கரத்தின் பெயர் அது.) பத்து டன் ஜாக்கியை எடுத்து ஆக்ஸிலுக்கு அடியில் தள்ளினேன். போகவில்லை. இரண்டு விரற்கடை இடித்தது.

அப்போதுதான் உறைத்தது. காற்று இருக்கிற வண்டியின் உயரம் வேறு, காற்றுப் போன வண்டியின் உயரம் வேறு. டயர் சப்பையானால் ஆக்ஸிலும் கூடவே கீழே இறங்கிவிடும். ஜாக்கியில் டன் ஏற ஏற, பெரும்பாலும் அதன் உயரமும் ஏறும். நான் வாங்கிய பீமன், வாசலிலேயே தலை இடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு பலகைக் கல்லைத் தேடிப் பிடித்து, சப்பை டயரை அதன் மேல் ஏற்றினோம். ஜாக்கி நுழைந்தது. பாதி தார், பாதி மண்ணில் அதை நிறுத்தி மச்சினன் அடிக்க ஆரம்பித்தான். தூக்கிய பிறகுதான் நட்டு நினைப்பே வந்தது. வீல் ஸ்பானர் மேல் ஏறி நின்று அவன் மிதிக்க மிதிக்க, வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது. எப்படியோ சக்கரத்தைக் கழற்றினோம். ஒரு நட்டு மட்டும் உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. மச்சினன் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான்.

"டேய்! கையை எடுறா!"

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற லாரியிலிருந்து ஒரு குரல். மச்சினன் பதறிக் கையை இழுத்தான். மூச்சு விடுகிற நேரம் ஆகியிருக்காது. ஜாக்கி மண்ணில் சாய்ந்து, வண்டி 'தொம்' என்று பிரேக் டிரம்மில் உட்கார்ந்தது. நட்டு கிடந்த இடத்தில் இப்போது இரும்பு இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தக்காளிக் கூடைகளிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். திட்டவில்லை. "முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"கியர்ல போட்டிருக்கேண்ணே."

"பின் சக்கரம் ஒண்ணைத் தூக்கிட்டா கியர் நிக்காது தம்பி. ஒண்ணு அந்தரத்துல சும்மா சுத்தும், இன்னொண்ணு தரையில உருளும். ஹேண்ட் பிரேக்கையும் முழுசா நம்பாதே. கட்டை வை."

அவரே வைத்தார். தன் வண்டிப் பலகையை மண்ணில் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தி, சேஸிஸில் கொடுத்துத் தூக்கினார். கொஞ்சம் எழும்பியதும் கழற்றிய டயரைப் படுக்கப்போட்டு சேஸிஸுக்கு அடியில் தள்ளினார். "மறுபடி விழுந்தா அது மேல விழட்டும்." கிளம்பும்போது சொன்னார்: "ஜாக்கி தூக்கத்தான் தம்பி, தாங்குறதுக்கு இல்ல."

பிறகு யோசித்தால் அதுதான் முழு உண்மை. நாம் பாட்டில் ஜாக்கி என்கிறோமே, அதன் வயிற்றில் இருப்பது எண்ணெய். சின்ன பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டன் பெரும் பாரத்தைத் தூக்கும். பாஸ்கல் சொன்ன விதி. அதை வைத்து ஜோசப் பிராமா 1795-லேயே இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எல்லாம் சரி. ஆனால் அந்த எண்ணெயைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன வால்வும் ஒரு வளையமும்தான். அவை நன்றாக இருந்தாலும், அடியில் மண் சரிந்தால் என் பத்து டன்னுக்கு நேர்ந்த கதிதான்.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது என் மனைவி சத்தம் போடவில்லை. "ஜாமீன் போட்டது உங்க கை. வண்டிக்கு அடியில போனது என் தம்பி கை" என்றாள். அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் டயர் காற்றை நாங்களே இறக்கினோம். எதிர்வீட்டுக்காரர், "பஞ்சரா சார்?" என்றார். "இல்லீங்க, நாங்களே பண்றோம்" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

டேப் வைத்து அளந்தோம். காற்றில்லாதபோது தரையிலிருந்து ஆக்ஸில் அடிப்பகுதி 20 சென்டிமீட்டர். என் பத்து டன் பீமன் மூடியிருக்கும்போதே 23. காற்றடித்த ஸ்டெப்னி மாட்டுவதற்கு ஆக்ஸில் 31 வரைக்குமாவது ஏற வேண்டும். ஆக, ஜாக்கி 20-க்குக் கீழே நுழையணும், 31-க்கு மேலே எழும்பணும். இந்த இரண்டு நம்பர் தெரிந்த பிறகுதான் டன்.

டன்னுக்கும் கணக்கு உண்டு. மூணு டன் வண்டியின் ஒரு மூலையைத்தான் தூக்குகிறோம். சரக்கோடு ஒரு பின் சக்கரத்தில் ஏறக்குறைய ஒரு டன் வரும். மூணு டன் ஜாக்கி தாராளம். தலையில் திருகு நீளுகிற பாட்டில் ஜாக்கியாகப் பார்த்து வாங்கினோம். கத்திரி ஜாக்கி சப்பையாக மடங்கும். ஆனால் காரோடு வருவது காருக்குத்தான். தக்காளி லோடுக்கு இல்லை. சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி சிமென்ட் தரையில் ராஜா, ரோட்டோர மண்ணில் பிச்சைக்காரன்.

கூடவே இரண்டு முக்கோணக் கட்டை, ஒரு சதுரப் பலகை. ஜாக்கி வைக்கிற இடத்தை வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட வேண்டும், கழற்றுவது தூக்கிய பிறகு. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். உருண்ட நட்டு உருண்டதுதான். அதை எடுக்கக் கையை விடாமல், குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும்.

போன வாரம் ஆபீஸில் ஒரு தம்பி வந்தான். அவன் அண்ணன் பிக்கப் வாங்கியிருக்கிறாராம்.

"சார், எத்தனை டன் ஜாக்கி வாங்கலாம்?"

"முதல்ல வண்டியில காத்தை இறக்கச் சொல்லு" என்றேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு என் மேல் என்ன கோபமோ என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாம்!