'எவ்ரிவன்' எண்டால் எல்லாரும்தான்
ஒரே இணையத்தளத்தை இரண்டு மூன்று விண்டோஸ் சேர்வர்களில் ஓட்டும்போது கோப்புகளை ஒரு நெட்வொர்க் ஷெயாரில் வைப்பது நல்ல வழிதான். ஒருக்கா மாத்தினால் எல்லா இடமும் மாறும். ஆனால் ஐஐஎஸ் 'அனுமதி இல்லை' எண்டவுடனே பலர் 'எவ்ரிவன்' இற்கு முழு அனுமதி குடுத்துவிடுகினம். தளம் ஓடும், கதவும் திறந்தபடி கிடக்கும். ஓர் ஓட்டை வழியாக வந்தவன் அங்கே ஒரு கோப்பை எழுதினால் எல்லாச் சேர்வரும் அதை ஓட்டும்.

இதற்கெண்டே ஒரு கணக்கு உருவாக்கி, அதை ஐஐஎஸ் இன் 'கனெக்ட் ஆஸ்' இல் குடுப்பம். ஷெயாரிலும் கோப்புறையிலும் அதற்கு வாசிக்கும் அனுமதி மட்டும் காணும். 'இசட்' டிரைவும் வேண்டாம். அது உள்நுழைந்த ஆளின் அமர்வுக்கு மட்டுமே தெரியும். ஷெயாரின் முழுப் பாதையை எழுதுவம். கொஞ்ச நேர வேலைக்குப் பஞ்சிப்பட்டு வாசலைத் திறந்துவிடக் கூடாது எண்டதுதான் எங்கட நிலைப்பாடு.